நரியை எரிப்பதற்கு முன்

தமிழ்நாடு வனத்துறை, கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கூடலூர்ப் பக்கம் காட்டோரத்தில் மாடு வளர்க்கிறவன் நான். போன மழைக்காலத்தில் ஒரு நரி பட்டப்பகலில் எங்கள் தொழுவத்துக்குள் வந்தது. ஆளைக் கண்டும் ஓடவில்லை. கட்டியிருந்த பசுவின் மூக்கைக் கடித்துவிட்டுத் தள்ளாடிப் போனது. மறுநாள் வாய்க்கால் ஓரம் செத்துக் கிடந்தது.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். அவருக்கும் ரேபிஸ் சந்தேகம்தான். ஆனால் செத்தாலும் காட்டு விலங்கு அரசின் சொத்து, அனுமதி இல்லாமல் கத்தி வைக்க முடியாது என்றார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அவரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் வனத்துறை ஆட்கள் வந்தார்கள். மகஜர் எழுதினார்கள், விறகு அடுக்கி எரித்தார்கள். தலையைச் சோதிக்க மாட்டீர்களா என்று கேட்டேன். "அது கால்நடைக்காரங்க வேலைங்க" என்றார் ஒருவர். பசுவுக்கு ஊசி, பால் கறந்த எங்களுக்கும் ஊசி. நரிக்கு என்ன நோய் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

இப்படிச் சந்தேகமாகச் செத்த காட்டு விலங்கை எரிக்கும் முன் சோதனைக்கு மாதிரி எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மாதிரி எடுங்கள் என்றால், காட்டுக்குள் கூண்டு வைத்து நல்ல நரியைப் பிடித்து ரத்தம் எடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அதனால் பெரிய பயன் இல்லை. ரேபிஸ் கிருமி நரம்பு வழியே மூளைக்குப் போகிற ஜாதி. ரத்தத்தில் தேடினால் அகப்படாது. செத்த விலங்கின் மூளைத்தண்டும் சிறுமூளையும்தான் உறுதியான பதில் சொல்லும். அதனால் கண்ணுக்குப் படவேண்டியவை தானாகச் செத்துக் கிடப்பவை, வெறித்தனமாக நடந்துகொண்டவை, மைசூர் சாலையில் வண்டியில் அடிபட்ட நரி, கீரி, மரநாய். தடுமாறித் திரிகிற விலங்குதானே வண்டிக்கு விலகத் தெரியாமல் நிற்கும்?

மண்டையைப் பிளக்கவும் வேண்டியதில்லை. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மண்டையோட்டின் பின்பக்கம் அடியில் இருக்கும் பிடரித் துளை வழியாக ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாயைக் கண் இருக்கும் திசையில் செலுத்தினால் தேவையான மூளைத்திசு அதில் வந்துவிடும். பல நாடுகளில் இப்படித்தான் எடுக்கிறார்கள். கிளிசரின் கலந்த உப்புநீரில் போட்டு அனுப்பலாம். ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், கிருமியை ஒளிரவைத்துக் காட்டும் வழக்கமான சோதனைக்கு அது இடைஞ்சல். இதைச் செய்கிறவர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

2030க்குள் நாய் வழி ரேபிஸை ஒழிப்பதாக 2021இல் தேசியத் திட்டம் போட்டாயிற்று. நல்லது. ஆனால் ஊர் நாய்க்கெல்லாம் ஊசி போட்ட பிறகும் ஒரு நரி வெறிபிடித்து வந்தால் என்ன சொல்வோம்? கிருமியின் மரபணுவைப் படித்தால் அது நாயிடமிருந்து தொற்றியதா, நரிகளுக்குள்ளேயே சுற்றுகிறதா என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டுக்கும் செய்யவேண்டிய வேலை வேறு வேறு.

நோய் காட்டுக்குள் போகிற பக்கமும் இருக்கிறது. எத்தியோப்பியாவின் பாலே மலையில் மேய்ப்பர்களின் நாய்களிடமிருந்து ஓநாய்களுக்கு ரேபிஸ் தாவியது. 2003இல் ஒரு பள்ளத்தாக்கில் முக்கால்வாசி ஓநாய்கள் செத்துப்போயின. செத்தவற்றின் மாதிரியைச் சோதித்து நோயை உறுதி செய்ததால்தான், மிச்சமிருந்தவற்றுக்கு அவசரமாகத் தடுப்பூசி போட முடிந்தது. முதுமலையில் செந்நாய்கள் கூட்டமாக வாழ்கின்றன. ஒன்றுக்கு வந்தால் கூட்டத்துக்கே வரக்கூடும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. சந்தேகமான காட்டு விலங்கு செத்தால் கால்நடை மருத்துவர் அன்றைக்கே மாதிரி எடுக்கலாம் என்று ஒரு நிரந்தர உத்தரவு. ஒவ்வொரு வனச்சரக அலுவலகத்திலும் ஒரு ஐஸ் பெட்டி, நாலைந்து மாதிரிக் குப்பிகள், கூப்பிட ஒரே ஒரு போன் நம்பர். முடிவு வந்ததும் கடிபட்ட மாட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எங்கள் பசுவுக்கு ஊசி போட்டு முடிந்த பிறகும், பல நாள் அதன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

இப்படிக்கு,
காட்டோரத்து மாட்டுக்காரன்