யூசுப்கானின் தங்கப்பதக்கம்

ஆசிரியருக்கு,

மருதநாயகம் என்கிற யூசுப்கானைப் பற்றிப் பேசும்போது, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் அவரைத் தூக்கிலிட்டதை மட்டுமே சொல்கிறோம். அதற்கு முந்தைய பத்தாண்டு அப்படியே விடுபட்டுப்போகிறது. திருச்சி முற்றுகையின்போது, எதிரிகளான பிரெஞ்சு அணியிடம் சிக்காமல் ஆங்கிலேயர் படைக்கு உணவு கொண்டுவந்து சேர்த்தவர் அவர். ஆங்கிலேயர் படைத்தலைவர் மேஜர் லாரன்ஸ் மனம்திறந்து பாராட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி தங்கப்பதக்கம் கொடுத்து, சிப்பாய்களுக்குத் தளபதியாக்கியது. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோதும், வெளியிலிருந்து பிரெஞ்சுப்படையை அலைக்கழித்தார். இவ்வளவு செய்தவரைத்தான் கம்பெனியும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து கொன்றார்கள்! அவர் கம்பெனிக்கு உழைத்ததைச் சொன்னால் பெருமை குறைந்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிள்ளைகளை அவர் அடக்கமான மதுரை சம்மட்டிபுரம் தர்காவுக்கு அழைத்துப்போகும் ஆசிரியர்கள் பதக்கத்தின் கதையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

- வாசகர், மதுரை