உன் மகளின் 650 சொற்கள்

கல்லடி, மட்டக்களப்பு
ஒக்டோபர்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. நீ அவ்வளவு விரிவாக எழுதியிருந்ததால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும், ஆறுதலாக இருந்து எழுதலாம் என்று வைத்திருந்தேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோவு கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது, ஆனாலும் மாமாங்கக் கோயிலுக்குப் போவதை விடவில்லை. மழை தொடங்கிவிட்டது. தம்பி உன்னிச்சைப் பக்கம் பெரும்போக விதைப்பில் நிற்கிறான், வீட்டுக்கு வருவதே குறைவு. நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான கொமன் அப் என்ற பொது விண்ணப்பத்துக்குத் தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதற்காக 1990இல் நாம் இடம்பெயர்ந்த கதையையும் சுனாமியில் உன் அம்மா போன கதையையும் நான் விவரமாக எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நம்முடைய கஷ்டத்தை வாசித்தால் இடம் கிடைக்கும் என்று அங்கே யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுதிவிட்டேன். இதோடு தனியாக இணைத்திருக்கிறேன். எனக்கு நினைவிருக்கும் எல்லாம் அதில் இருக்கிறது, நாவலடியில் உங்கள் வீடு நின்ற இடம், கிணறு, அம்மாவின் தையல் மெசின் வரைக்கும். ஆனால் அதை மகள் தன் குடும்பத்தை அறிந்துகொள்வதற்காக எழுதினேன். விண்ணப்பக் கட்டுரைக்குள் அதை அப்படியே இறக்க வேண்டாம் என்று உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

உனக்குத் தெரியும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு வீட்டு விறாந்தையில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கடந்த சில வருடங்களாக அவர்களில் ஓரிருவர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளையின் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்க்காமலே தெரிவுசெய்து, தெரிவான பிறகு தேவைப்படும் பணம் முழுவதையும் கொடுக்கிற இடங்கள் சில உண்டு. ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி, அம்ஹெர்ஸ்ட் எல்லாம் அதில் அடங்கும். கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவில் இதற்கு ஆலோசனையும் சொல்கிறார்கள். இதையெல்லாம் போனில் தேடி அறிந்துகொண்டுதான் பிள்ளைகள் வருகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள். ஆனால் இந்தக் கட்டுரையில் வந்து எல்லாரும் நின்றுவிடுகிறார்கள்.

நின்றுவிடுவதில் ஆச்சரியம் இல்லை. இங்கே ஒரு பிள்ளையிடம் பல்கலைக்கழகம் கேட்பது பெரும்பாலும் உயர்தரப் பரீட்சையில் வருகிற இசட் புள்ளியை மட்டும்தான், தசமத்துக்குப் பின் நாலு இலக்கம். இடங்களில் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். நம் மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலிலும் இருக்கின்றன. வெட்டுப்புள்ளி வரும், நீ உள்ளே அல்லது வெளியே. இந்த முறையை நான் குறை சொல்ல மாட்டேன். போடியார் வீட்டுப் பிள்ளையும் கூலி வேலை செய்பவரின் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு எழுதுகிறார்கள், திருத்துகிறவருக்கு யார் எவர் என்று தெரியாது. அதில் ஒரு நேர்மை இருக்கிறது.

அமெரிக்காவில் 'நீ யார்' என்கிற இந்தக் கட்டுரைக் கேள்வி வந்த வழியும் அவ்வளவு நல்ல வழி இல்லை. 1920களில் ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன் மூன்றிலும் நுழைவுப் பரீட்சையில் யூதப் பிள்ளைகள் நிறையத் தேறி வந்தார்கள். அவர்களைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துதான் குணம், குடும்பப் பின்னணி, ஆளுமை என்றெல்லாம் கேட்கத் தொடங்கினார்கள். எழுபதுகளில் இங்கே பல்கலைக்கழக அனுமதியில் தமிழ்ப் பிள்ளைகளைப் பாதித்த தரப்படுத்தலைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விளங்காத கதை இல்லை. அப்படித் தொடங்கிய கேள்வியை இன்று வாகரையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் ஒரு பிள்ளை தன் பக்கத்துக்குத் திருப்பி, தன்னைப் பற்றித் தானே சொல்ல முடிகிறது. அதனால்தான் அந்தக் கட்டுரையை நான் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன்.

என்னிடம் வருகிற முதல் கட்டுரை கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றுதான். 'மீன்பாடும் தேனாட்டில் பிறந்தேன்' என்று தொடங்கும். அப்பா, அம்மா, மாணவத் தலைவர் பதவி, பரிசளிப்பு விழா, எதிர்காலத்தில் வைத்தியராகி நாட்டுக்குச் சேவை. ஓ.எல் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கட்டுரையின் பழக்கம் அது. இது போதாது என்று நான் சொன்னால் இரண்டாவது கட்டுரை வரும். அதில் யுத்தமும் சுனாமியும் இருக்கும். பிள்ளைகள் பிறந்தது 2008இல். சுனாமி வந்தது 2004இல். கிழக்கில் சண்டை 2007இல் ஓய்ந்தது, முழுவதுமாக முடிந்தபோது இவர்கள் தொட்டிலில். ஆனாலும் அலை வந்ததை நேரில் கண்டதுபோல எழுதுகிறார்கள். வாசிக்கிறபோது எனக்கு நெஞ்சு கனக்கும். அதை உண்மையாகவே கண்டவர்கள் இதே வீதியில் இருக்கிறார்கள், அவர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமாக எதுவும் நடக்கவில்லையா? 2019 ஏப்ரல் 21இல் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இவர்களுக்குப் பத்துப் பதினொரு வயது. அதன் பிறகு கொரோனா. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள் இவர்கள்தான். ஓட்டமாவடிப் பக்கத்துப் பொடியன் ஒருவன், அவனுடைய வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அந்த வருடம் கடன் கொப்பி எழுதும் வேலை இவனிடம் வந்திருக்கிறது. யார் முதலில் கடனைத் தீர்த்தார்கள் என்று இவன் தன் பாட்டில் கணக்கு வைத்துப் பார்த்திருக்கிறான். கையில் காசு உள்ளவர்கள் பிந்தித்தான் கட்டினார்களாம். அதிலிருந்துதான் இவனுக்குப் பொருளியலில் ஆசை வந்தது. அதை எழுது என்றேன். 'இதையெல்லாமா சேர் எழுதுவது?' என்று கேட்டான்.

இன்னொரு பிள்ளையைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். மண்டூர்ப் பிள்ளை. களுவாஞ்சிகுடிக்கு ரியூசனுக்கு வர, மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் வாவியைக் கடப்பாள். மண்முனையில் 2014இல் பாலம் திறந்த பிறகு உனக்கு அந்தப் பாதைப் படகு மறந்திருக்கும், குருமண்வெளியில் இன்னும் ஓடுகிறது. அவளுடைய முதல் கட்டுரை முழுக்க முறைப்பாடு. பாலம் இல்லை, நேரத்துக்குப் போக முடியவில்லை, வசதி இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அதை ஒரு பத்திரிகைச் செய்தியாளரும் எழுதிவிடலாம். பாதையில் நிற்கிற நேரம் என்ன பார்ப்பாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித் தொடங்கியவள் பிறகு நிறுத்தவே இல்லை.

ஊரில் காணிப் பிரச்சினையில் முகம் பார்க்காத இரண்டு குடும்பங்கள். பாதையில் ஏறினால் பக்கத்துப் பக்கத்தில் நின்றாக வேண்டும், நடுவாவியில் இறங்கிப் போக முடியாது. ஒருநாள் ஒரு வீட்டுக் கைப்பிள்ளை அழ, மற்ற வீட்டு மனிசி கையை நீட்டி வாங்கி வைத்திருந்தாளாம். கரை வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு சொல் பேசாமல் போனாளாம். இதைப் பார்த்த பிள்ளைக்கு ஒரு யோசனை. பாலம் வந்தால் எல்லாரும் அவரவர் மோட்டார்சைக்கிளில் பறந்துவிடுவார்கள், இவர்கள் இனி எங்கே சந்திப்பார்கள்? ஆனால் அவளுக்குப் பாலமும் வேண்டும். அம்மம்மாவை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பட்ட பாடு அவளுக்குத் தெரியும். இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டு எழுதினாள். நகரத் திட்டமிடல் படிக்க வேண்டும் என்று அவள் சொல்வதன் காரணம் அந்தக் கட்டுரையை வாசித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. இந்த வருடம்தான் விண்ணப்பிக்கிறாள். கிடைக்குமோ தெரியாது. கிடைக்காவிட்டாலும் அந்தப் பக்கங்களை நான் வைத்திருப்பேன்.

இப்போது உன் மகளுக்கு வருகிறேன். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அனுமதியில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கும். அதே தீர்ப்பில் பிரதம நீதியரசர் ஜோன் ராபர்ட்ஸ், இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று ஒரு மாணவர் எழுதினால் அதைக் கவனிக்கத் தடையில்லை என்றும் எழுதியிருக்கிறார். ஆனால் அது அந்த மாணவருடைய மனத்திடத்தோடும் ஆற்றலோடும் சேர்ந்து வர வேண்டும், ஒவ்வொருவரையும் அவரவர் அனுபவத்தை வைத்துத் தனியாளாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் சொல்வதன் சாரம். உனக்கு அறிவுரை சொன்னவர்கள் இதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். அம்மாவின் சாவு உன் அனுபவம், மச்சான். மகள் பிறக்குமுன் நடந்தது. அதை அவள் தன்னுடையதாக எழுதினால் வரிக்கு வரி உன் குரல்தான் கேட்கும்.

அவளுடைய குரல் எது என்று எனக்கு ஓரளவு தெரியும். நீங்கள் கடைசியாக வந்தபோது கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலுக்குப் போனோமே, அலையில் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்தோமே. நாம் இரண்டு பேரும் பேச முடியாமல் நின்றோம். அவள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, இவ்வளவு சாய்ந்தும் எப்படி விழாமல் நிற்கிறது, அத்திவாரம் எவ்வளவு ஆழம், மணல் எந்தப் பக்கம் அரித்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இந்த இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று நீ அதட்டினாய். அவள் முகம் வாடிப்போனது. இரவு என்னிடம் வந்து, 'மாமா, அப்பம்மாவின் வீடும் கோபுரம் மாதிரிக் கட்டியிருந்தால் நின்றிருக்குமா?' என்று மெதுவாகக் கேட்டாள். அவள் காணாத அப்பம்மாவை அவள் நினைக்கிற விதம் அதுதான். கட்டட எஞ்சினியரிங் படிக்கப் போகிறேன் என்கிற பிள்ளைக்கு இதைவிட வேறு என்ன கட்டுரை வேண்டும்? உன் அதட்டலையும் அவள் எழுதட்டும். ஒவ்வொரு டிசம்பர் 26இலும் அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொள்கிற வீட்டில் வளர்வது எப்படி என்று எழுத நினைத்தாலும் எழுதட்டும், அது அவளுடைய அனுபவம். நீ வாசித்துக் கவலைப்படக்கூடும். ஆனாலும் தடுக்காதே.

கொஞ்சம் நடைமுறை விஷயமும் சொல்கிறேன். கொமன் அப்பில் ஏழு தலைப்புகள் இருக்கும், ஏழாவது 'விரும்பியதை எழுது' என்பதுதான். தலைப்பைத் தெரிவுசெய்து வைத்துவிட்டுக் கதை தேட வேண்டாம், முதலில் எழுதட்டும், பிறகு ஏதாவது ஒன்றுக்குள் அது அடங்கும். 650 சொல்லுக்கு மேல் படிவம் ஏற்காது. யூ.சி என்கிற கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்களுக்கும் போடுகிறாள் என்றால் அது வேறு படிவம், எட்டுக் கேள்வியில் நாலுக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குகிற பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. அதில் வந்ததைத் தன் எழுத்து என்று கொடுப்பதைக் கொமன் அப் மோசடியாகவே கணக்கெடுக்கிறது. அதை விட்டாலும், மண்டூர்ப் பிள்ளையின் கைப்பிள்ளைக் கதை எந்த மெசினுக்குத் தெரியும்?

நீ திருத்துவதிலும் ஓர் எல்லை வேண்டும். எழுத்துப் பிழை காட்டு. எங்கே விளங்கவில்லை என்று சொல். வசனத்தை மாற்றி எழுதிக் கொடுக்காதே. பதினேழு வயதுப் பிள்ளையின் கட்டுரையில் ஐம்பது வயதுக்காரனின் வசனம் தனியாகத் தெரியும். அங்கே நாளெல்லாம் இதே வேலையாக வாசிக்கிறவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல், நீ சும்மா கேட்டுக்கொண்டிரு. அதுவே போதும்.

முன்கூட்டிய அனுமதிக்குப் போடுவதென்றால் பல இடங்களில் நவம்பர் 1 கடைசித் திகதி, மற்றதற்கு ஜனவரி முதல் வாரம்வரை இருக்கும். அவசரப்படுத்தி நவம்பருக்குள் முடிக்க வேண்டுமா என்று அவளிடமே கேள். முதல் வரைவு எவ்வளவு குழப்பமாக இருந்தாலும் எனக்கு அனுப்பச் சொல். நான் திருத்த மாட்டேன், கேள்விகள் மட்டும் எழுதி அனுப்புவேன். பகலில் பள்ளிக்கூடம், இரவு எட்டு மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் இருப்பேன், உங்களுக்கு அது காலைநேரம்.

அடுத்த ஆடியில் வருவதாக எழுதியிருந்தாய். டிக்கட் போட்டதும் அறிவி. அம்மா இப்போதே ஒடியலும் மாசிக் கருவாடும் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டா. தங்கச்சிக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் கூட்டாளி