கடைமடையின் சூட்டை அளந்து பாருங்கள்: ஹவாய் நீர்வள ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆணையத்தாருக்கு,

ஓடையில் குறைந்தது எவ்வளவு நீர் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: சேம்பு வயலுக்குள் நுழையும் நீர் முழுவதையும் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள்.

லோஇ எனப்படும் இந்த நீர்ச்சேம்பு வயல்களுக்கு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் கேலன் வரை வேண்டும் என்பது நீர் வழக்குகளில் அடிபடும் கணக்கு. லிட்டரில் சொன்னால் ஏறத்தாழ 4 லட்சம் முதல் 11 லட்சம். கேட்டதும் பேராசை என்றே தோன்றும். ஆனால் நல்ல வெயில் நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியானாலும் ஏக்கருக்குப் போவது 24,000 லிட்டர்தான். கொஞ்சம் மண்ணில் கசியும். மற்றதெல்லாம் வயல் வயலாக இறங்கி ஓடைக்கே திரும்பிவிடும்.

பிறகு எதற்கு அவ்வளவு நீர்? குளிர்ச்சிக்கு. நெல் தேங்கிய நீரிலும் விளையும். சேம்புக்கு நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் நீர் நிற்கும் வயலில் மேற்சொன்ன அளவு பாய்ந்தால் நாளுக்கு ஒருமுறை முதல் மூன்றுமுறை வரை நீர் முழுதாக மாறும். பாய்ச்சல் குறைந்தால் நீர் வெயிலில் காயும். 27 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரி உண்டாக்கும் அழுகல் நோய்கள் எளிதில் பற்றும். சல்லிவேர்கள் அழுகி வழவழப்பாகும், கிழங்கு அடியிலிருந்து கொழகொழவென்று போகும். மேலே இலை பச்சையாகவே இருக்கலாம் என்பதால் பிடுங்கிப் பார்த்தால்தான் சேதம் தெரியும். சேம்பு ஓராண்டுக்கு மேல்கூட வயலில் நிற்கும் பயிர். ஒன்பதாம் மாதத்தில் சில நாள் நீர் நின்றுபோனால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். அதிலும் முதல் அடி கடைமடைக்குத்தான். மேல்வயல்களில் சூடேறிய நீர்தானே அங்கே வந்து சேர்கிறது.

பழைய ஹவாய்க்காரர்கள் தலைமடையில் கல்லை அடுக்கித் தாழ்வான அணை போட்டார்கள். சாந்து கிடையாது. ஓடையில் பாதிக்கு மேல் வாய்க்காலுக்குப் போகக் கூடாது என்பது வழக்கம். பெருவெள்ளம் அணையை அடித்துப்போனால் ஊர் கூடி மறுபடி அடுக்கும். வாய்க்கால் வேலைக்கு எவ்வளவு ஆள் அனுப்பினார்களோ அதற்கேற்ற நீர்ப்பங்கு. கல்லிடுக்குகளில் வழிந்த நீர் ஓஓபு மீன்களுக்கும் உதவியது. அவற்றின் குஞ்சுகள் பொரித்ததும் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சில மாதங்கள் கழித்துத் திரும்பி ஓடையில் ஏறும். சில இனங்கள் வயிற்றிலுள்ள உறிஞ்சியால் அருவிப் பாறையைக்கூடப் பிடித்து ஏறிவிடும். வறண்டு கிடக்கும் நூறடி ஓடைப்படுகையை மட்டும் அவற்றால் தாண்ட முடியாது.

1876 முதல் மாவித் தீவின் கிழக்கில் கரும்புக்காகத் தோண்டிய கால்வாய்கள் செய்தது அதைத்தான்: வெள்ள நீர் மட்டும் கடலுக்கு, அன்றாட நீரெல்லாம் கால்வாய்க்கு. 2016 இறுதியில் மாவியில் கரும்பு ஓய்ந்தது. 2018இல் பல ஓடைகளுக்கு நீரைத் திருப்பிவிடச் சொன்னீர்கள், அதற்கு நன்றி. ஆனால் காகிதத்தில் உள்ள ஆண்டுச் சராசரியை நம்பிச் சேம்பு வளர்வதில்லை. நாலு நாள் வெள்ளம் சராசரியைத் தூக்கிவிடும், நாற்பது நாள் வறட்சி அதற்குள் மறைந்துபோகும்.

ஆகவே வயல் தொகுதி ஒவ்வொன்றிலும் இரண்டு வெப்பமானிகளை வையுங்கள்: நீர் நுழையும் மடையில் ஒன்று, கடைசி வயலின் வடிகாலில் ஒன்று. ஜூன் முதல் அக்டோபர் வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகட்டும். பிற்பகல் உச்சத்தைப் பாருங்கள், நாள் சராசரி வேண்டாம். நுழைவிலேயே சூடு என்றால் கோளாறு மேலே, ஓடையில். வடிகாலில் மட்டும் சூடு என்றால் வயலுக்கு வரும் பாய்ச்சல் போதவில்லை, அல்லது வாய்க்கால் தூர்ந்திருக்கிறது. உள்ளே வந்த அளவையும் வெளியேறிய அளவையும் தனித்தனியே எழுதுங்கள். வித்தியாசம் மட்டுமே செலவு.

கான்கிரீட் தலைமடைகளில் பலகையை ஆள் வைத்துத் திறக்கும் ஏற்பாடு போதாது. ஆள் வராத நாளில் ஓடை காய்ந்துவிடும். ஓடைப்படுகை மட்டத்திலேயே நிரந்தரமாக ஒரு வெட்டு விடச் சொல்லுங்கள். ஓடைக்குரிய நீர் முதலில் அதன் வழியே போகட்டும். மட்டம் அதற்கு மேல் ஏறினால் மட்டும் கால்வாய்க்குப் பாயட்டும்.

இப்படிக்கு,
ஓடைநீர்ப் பாசனம் அறிந்த சிலர்