செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டு முழுக்கச் செய்தவற்றில் சொல்லிக்கொள்ளும்படி அமைந்தது விடுமுறை வரலாற்று வகுப்புதான் என்பதால், அதைப் பற்றியே எழுதுகிறேன்.

விடுமுறையில் பாடப்புத்தகத்தை நீட்டினால் பிள்ளைகள் மறுநாள் தலைகாட்ட மாட்டார்கள் என்பது நாம் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் இம்முறை பழைய அரசியல் கேலிச்சித்திரங்களை வைத்துப் பத்து நாள் நடத்தினோம். படத்தின் அடியில் உள்ள வாசகத்தைக் காகிதத்தால் மறைத்துவிடுவோம்; கண்ணில் படுவதைப் பிள்ளைகள் சொல்ல வேண்டும்.

1939 செப்டம்பரில் டேவிட் லோ வரைந்த படத்தில் இருவர் தொப்பியைக் கழற்றி, குனிந்து வணங்கிக்கொள்கிறார்கள். "நண்பர்கள்" என்றது வகுப்பு. கடைசி வரிசைச் சிறுமி ஒருத்திதான், "நடுவில் ஒருவர் விழுந்து கிடக்கிறாரே?" என்று கேட்டாள். கிடப்பது போலந்து; வணங்குபவர்கள் ஹிட்லரும் ஸ்டாலினும். காகிதத்தை எடுத்தால், இருவரும் பேசுவது பச்சை வசவு! அதற்கு முந்தைய மாதம் ஜெர்மனியும் சோவியத்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை விளக்க அதிக நேரம் ஆகவில்லை.

ஒரு சறுக்கலையும் பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பதவி இழந்ததைக் குறித்து 1890இல் டென்னியல் 'பஞ்ச்' என்ற ஆங்கில நகைச்சுவை இதழில் வரைந்த படத்தின் தலைப்பை, 'விமானியை இறக்கிவிடுதல்' என்று மொழிபெயர்த்து ஒட்டிவிட்டேன். "விமானம் எங்கே ஐயா?" என்றான் ஒரு பையன். ஆங்கிலத் தலைப்பில் இருந்த 'பைலட்', கப்பலுக்கு வழிகாட்டும் மாலுமியைக் குறிக்கும் சொல். விமானம் பறக்க இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. 1805இல் ஆங்கிலேய ஓவியர் கில்ரே வரைந்த படத்தில் பிரிட்டிஷ் பிரதமர் பிட்டும் நெப்போலியனும் உலக உருண்டையைக் கத்தியால் அறுத்துப் பங்கு போடுகிறார்கள். அதைப் பார்த்து, 'நெப்போலியன் குள்ளர்' என்று பலரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அவர் அக்கால பிரெஞ்சுக்காரருக்குரிய சராசரி உயரம்தான். குள்ளமாக்கியது, அவருடன் போரில் இருந்த நாட்டு ஓவியரின் கை. 'வரைந்தவர் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியை ஏழாம் நாள்தான் கரும்பலகையில் எழுதினோம். முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

பாரதியார் 1906 முதல் நடத்திய 'இந்தியா' வார இதழின் சித்திரங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது. நகல்களும் மங்கல். வரும் ஆண்டு வகுப்பை அவற்றிலிருந்தே தொடங்கலாம் என்பது என் யோசனை; உறுப்பினர்கள் கருத்துச் சொல்லவும்.

வீட்டில் பழைய இதழ்கள் வைத்திருப்பவர்கள் இரவல் தந்து உதவுங்கள். படத்தை மட்டும் கத்தரித்துத் தர வேண்டாம். பக்கத்தில் இருக்கும் செய்தியும் வகுப்புக்குத் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
செயலாளர்