படத்தில் இருப்பது ட்ராபன்ட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய கேரவன்கள் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்சாதன வண்டி என்ற ஒரே பொருளில் நம்மிடையே வழங்கிவரும் இந்தச் சொல்லுக்கு, காரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வீடு என்ற பழைய பொருளும் உண்டு என்பதை நினைவூட்டியதற்கு நன்றி. கட்டுரையின் பெரும்பகுதியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்துப் படத்தின் கீழே ‘கிழக்கு ஜெர்மனியின் ட்ராபன்ட் காரும் அதன் பொம்மை வீடும்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் குறிப்பில் ஒரு தகவல் பிழை. பொருத்தமில்லாத ஒரு சொல்லும் இருக்கிறது.

முதலில் தகவல். படத்திலுள்ள காரின் பின்மூடியில் காற்று போவதற்கான கீற்றுகள் வரிசையாகத் தெரிகின்றன. எஞ்சின் பின்னால் இருக்கும் காருக்குத்தான் அப்படிக் கீற்று வேண்டும். ட்ராபன்டின் எஞ்சின் முன்னால் இருப்பது. ஆகவே படத்தில் நிற்பது, இத்தாலிய பியட் நிறுவனத்தின் உரிமம் பெற்று 1973 முதல் போலந்தில் செய்யப்பட்ட பியட் 126பி. போலந்து மக்கள் ‘குட்டி’ என்ற பொருளில் ‘மலுக்’ என்று செல்லமாக அழைத்த கார். அதன் பின்னால் இருக்கும் வெள்ளை வண்டி, நியெவியாடூவ் என்ற ஊரின் தொழிற்சாலையில் கண்ணாடியிழையால் செய்யப்பட்ட என்126. எந்தக் காருக்காக வடிவமைத்தார்களோ அந்தக் காரின் எண்ணையே வண்டிக்கும் சூட்டிவிட்டார்கள்.

‘பொம்மை’ என்ற சொல்லைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பாலிடெக்னிக் ஒன்றில் ஆட்டோமொபைல் பிரிவில் 31 ஆண்டுகள் பாடம் நடத்தியவன் என்ற முறையில், சிறிய கார்களுக்காகச் செய்யப்பட்ட அந்தக் காலத்து வண்டிகளைப் பெரிய கேரவனைச் சுருக்கிச் செய்த வேடிக்கைப் பொருள்களாகப் பார்க்க என்னால் முடியவில்லை. பெரிய கேரவன் செய்கிறவர் கட்டில், மேசை, அடுப்பு, அலமாரி என்று தேவைகளை எழுதிக்கொண்டு அவற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறார். இழுக்கும் காரைத் தேடுவது வாங்குகிறவர் பாடு. சிறிய வண்டி செய்தவரோ காரால் எது முடியாது என்பதைத்தான் முதலில் எழுதினார். இவ்வளவு எடைக்கு மேல் இழுக்காது, இவ்வளவு காற்றுக்கு மேல் தாங்காது, பின்பக்கம் இவ்வளவுக்கு மேல் அழுத்தினால் முன்சக்கரம் பிடிக்காது என்ற கணக்கை முடித்த பிறகு மிச்சம் இருக்கும் இடத்தில்தான் கட்டிலையும் அடுப்பையும் வைத்தார்.

நீங்கள் தவறுதலாகப் பெயர் சொன்ன ட்ராபன்டையே எடுத்துக்கொள்வோம். 1964 முதல் ஸ்விக்காவ் நகரில் தயாரான 601 மாதிரியில் இரண்டு சிலிண்டர் கொண்ட, 600 சி.சி.யை எட்டாத டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருந்தது. 1969 முதல் அதன் திறன் 26 குதிரைத்திறன். அந்தக் காருக்காகச் செய்யப்பட்ட புகழ்பெற்ற வண்டி கெக் ஜூனியர். கெக் என்பது ஒரு மாபெரும் எஃகுக் கூட்டு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்; பெரிய ஆலைகளும் மக்கள் வீட்டுக்கு வாங்கும் பொருள்களில் ஒரு பங்கைச் செய்து தர வேண்டும் என்று கிழக்கு ஜெர்மனி அரசு வற்புறுத்திய காலத்தில், எஃகு உருக்கியவர்கள் கண்ணாடியிழை வண்டி செய்தார்கள். அது காலியாக ஏறத்தாழ 300 கிலோ. பயணச் சாமான்கள் எல்லாம் சேர்த்து 400 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த 100 கிலோவுக்குள்தான் ஒரு குடும்பத்தின் பாத்திரம், படுக்கை, துணிமணி, தண்ணீர், எரிவாயு உருளை எல்லாம் அடங்க வேண்டும். தண்ணீர் 20 லிட்டர் எடுத்துக்கொண்டால் அதிலேயே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

எடை குறைந்தால் மட்டும் போதாது, அது எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். ட்ரெயிலரின் முன்பகுதி காரின் கொக்கியில் அதிகம் அழுத்தினால் கார் பின்னால் தாழ்ந்து முன்னால் எழும். ட்ராபன்டில் திருப்பும் சக்கரமும் முன்சக்கரம், இழுக்கும் சக்கரமும் அதே முன்சக்கரம் என்பதால் ஒரே நேரத்தில் இரண்டும் பலவீனப்படும். படத்திலுள்ள 126பியில் இழுப்பது பின்சக்கரம். எனவே பின்னால் விழும் எடை ஏற்றத்தில் ஓரளவு உதவவே செய்யும், ஆனால் ஏற்கெனவே எஞ்சினைச் சுமக்கும் பின்பக்கத்தில் மேலும் பாரம் ஏறும்போது ஸ்டீயரிங் லேசாகிவிடும். இதற்குப் பயந்து கொக்கியின் மேல் எடையே விழாதபடி சாமான்களைப் பின்னால் தள்ளி அடுக்கினாலோ, வேகம் கூடியதும் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒரு கட்டத்துக்கு மேல் காரையும் சேர்த்து ஆட்டிச் சாலையை விட்டு வெளியே தள்ளிவிடும். அதனால்தான் சிறிய வண்டிகளில் அச்சை எடை மையத்துக்குச் சற்றே பின்னால் வைத்து, கனமான பொருள்களை அச்சின் மேலேயே வைக்கும்படி உள் அமைப்பைத் திட்டமிட்டார்கள். அலமாரி எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தராசுதான் முடிவு செய்தது. எங்கள் மாணவர்களுக்கு மாட்டு வண்டியை உதாரணம் சொன்னால் உடனே புரியும்: முன்பாரமானால் மாட்டின் கழுத்து இறங்கும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும்.

அடுத்தது காற்று. மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து 80க்குப் போகும்போது காற்றைத் தள்ளுவதற்குத் தேவைப்படும் திறன் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறிவிடுகிறது. 150 குதிரைத்திறன் உள்ள காருக்கு இது பொருட்டல்ல. 26 உள்ள காருக்கு இதுவே முழுக் கதை. முட்டை வடிவம் அழகுக்காக மட்டும் வந்ததன்று. லைப்சிக்குக்கு வடகிழக்கே உள்ள பாட் ட்யூபன் ஊரில் மாக்ஸ் வூர்டிக் என்ற கைவினைஞர் 1936இலேயே வளைந்த முதுகுள்ள ஒரு வண்டியைச் செய்தார். ‘ட்யூபன் முட்டை’ என்றே அதற்குப் பெயர். போருக்குப் பிறகும் கிழக்கு ஜெர்மனியில் அதே பட்டறை வழியாக அந்த வடிவம் தொடர்ந்தது. மூலை இல்லாத வளைவுக்கு இன்னொரு பலனும் உண்டு. தட்டையான தகடு கையால் அழுத்தினால் குழியும். அதே தடிமனுள்ள வளைந்த ஓடு தாங்கும். கோழிமுட்டை கற்பிக்கும் பாடம்தான். பின்னாளில் கண்ணாடியிழை வந்தபோது, உள்ளே மரச்சட்டம் இல்லாமல் ஓடே சட்டமாக நிற்கும்படி வார்க்க முடிந்தது. இணைப்புகள் குறைந்ததால் மழைநீர் கசிவும் குறைந்தது. அதே காலத்து மரச்சட்ட வண்டிகளில் பல உளுத்துப்போன பிறகும் கண்ணாடியிழை வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு இதுவே காரணம்.

காற்றைச் சமாளிக்க இன்னொரு வழி, கூரையைத் தாழ்த்தி ஓட்டுவதும் நின்ற இடத்தில் உயர்த்திக்கொள்வதும். இதை நேர்த்தியாகச் செய்தவர்கள் மேற்கு ஜெர்மனியின் பாட் வால்ட்ஸே ஊர்க்காரர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில், செங்குத்தாக ஏவப்படும் நாட்டர் என்ற ராக்கெட் விமானத்தை இதே ஊரில் உருவாக்கியவர் எரிக் பாகெம் என்ற பொறியாளர். 1945 மார்ச் 1 அன்று அதில் ஆள் ஏறிய முதல் சோதனையிலேயே விமானி லோத்தார் சீபர் உயிரிழந்தார். அதே பாகெம் 1950களில், உள்ளூர் வாகனப் பட்டறைக்காரரின் மகனான எர்வின் ஹைமர் என்ற இளம் பொறியாளருடன் சேர்ந்து ஒரு கேரவன் வடிவமைத்தார். 1957இல் முதல் மாதிரி உருவானது. ரோமன் எழுத்தில் எரிக்கின் முதல் மூன்று எழுத்தும் பாகெமின் முதல் இரண்டு எழுத்தும் சேர்ந்ததுதான் ‘எரிபா’ என்ற பெயர். விமான உடலைப்போல எஃகுக் குழாய்ச் சட்டம், அதன்மேல் மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் எழும்பும் கூரை. அந்த வரிசையில் மிகச் சிறியதான புக் என்ற மாதிரியைச் சிறிய கார் வைத்திருந்தவர்களும் இழுத்துச் செல்ல முடிந்தது. ஒரு இளைஞனைப் பலிகொண்ட இயந்திரத்தைச் செய்த கை, குடும்பங்கள் ஏரிக்கரைக்குப் போக வண்டி செய்தது என்பதில் நெருடல் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கிலோவையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் விமானத் தொழிலிலிருந்தே வந்தது என்பதை மறைக்கவும் முடியாது.

கட்டுரையில் ஜெர்மனியின் முதல் கேரவனை யார் செய்தார் என்று சொல்லாததும் ஒரு விடுபடல்தான். இஸ்னி என்ற ஊரில் சாட்டையும் பனிச்சறுக்குக் கோலும் செய்து விற்ற குடும்பத்தைச் சேர்ந்த ஆரிஸ்ட் டெத்லெஃப்ஸ் 1931இல் அதைச் செய்தார். வியாபாரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியவருடன் தானும் போகவும், போகும் இடத்தில் ஓவியம் வரையவும் விரும்பிய ஃப்ரீடல் எடெல்மான் என்ற ஓவியரின் ஆசையிலிருந்து பிறந்த வண்டி அது.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கனடாவின் வின்னிபெக் நகரில் 1968இல் ரே ஒலெக்கோ செய்த போலர் இருக்கிறது. அவர் அதற்கு முன் கண்ணாடியிழையில் வடிவமைத்தது கழிவுநீர்த் தொட்டி! தொட்டியை இரு ஓடுகளாக வார்த்து இணைக்கலாம் என்றால் வண்டியையும் அப்படியே செய்யலாம் என்ற யோசனையில், 13 அடி நீளத்தில், 500 கிலோவுக்கும் குறைவான எடையில் ஒரு வீட்டை உருவாக்கினார். ஆங்கிலத்தில் ‘போலர்’ எனப்படும் உருண்டைத் தொப்பியின் உருவத்தை நினைவூட்டியதால் அந்தப் பெயர். சிரிக்கத்தக்கது என்று யாரும் சொல்வதற்கு முன்பே அவர்களே சிரித்துக்கொண்டு வைத்த பெயர் என்று நினைக்கிறேன்.

‘அட்டைக் கார்’ என்று ட்ராபன்டைக் கட்டுரையாளர் போகிற போக்கில் சொன்னதையும் திருத்த வேண்டும். அதன் உள் சட்டம் எஃகு. வெளித்தகடுகள் பஞ்சாலைக் கழிவுப் பஞ்சைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தவை. எஃகுத் தகடு கிடைக்காத நாட்டில் கண்ட மாற்று வழி.

மகள் வீட்டுக்கு லைப்சிக் சென்றிருந்தபோது, பழைய நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தில் நீர் நிரப்பி உண்டாக்கிய ஓர் ஏரியின் கரையில், ட்ராபன்டோடு நின்ற ஒரு கெக் ஜூனியரைப் பார்த்தேன். உரிமையாளர் என் வயதை ஒத்த பெரியவர். மகள் மொழிபெயர்க்க, ஒரு மணி நேரம் பேசினோம். மேசைப் பலகையை இறக்கி இருக்கைகளுக்கு இடையே பொருத்தி, முதுகு மெத்தையை மேலே பரப்பி அதைக் கட்டிலாக்கிக் காட்டினார். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டதற்குத் தொட்டியில் அளவுக்கோலை விட்டு எடுத்துப் பார்த்தார். இறக்கத்தில் எப்படி ஓட்டுவீர்கள் என்று நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கேட்கத் தெரிந்தவன் வந்திருக்கிறான் என்ற மலர்ச்சி. அந்தக் காரில் நான்காவது கியரில் காலை எடுத்தால் எஞ்சின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தாது, சைக்கிளைப்போலத் தன்போக்கில் உருளும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் மசகு என்பதால், காலை எடுத்ததும் பெட்ரோல் வரத்து குறையும் நேரத்தில் எஞ்சின் வேகமாகச் சுற்றித் தேயக் கூடாதென்று வைத்த ஏற்பாடு அது. பின்னால் 400 கிலோ தள்ளிக்கொண்டு வரும்போது இந்த ஏற்பாட்டை நம்பினால் டிரம் பிரேக்குகள் சூடேறிக் கைவிட்டுவிடும். எனவே மலை இறக்கம் வருமுன்பே மூன்றாவது கியருக்கு மாறிவிட வேண்டும் என்றார். எந்தப் பாடநூலிலும் நான் அதை நடத்தியதில்லை.

கிழக்கு ஜெர்மனி மக்களுக்கு இந்த வண்டி எவ்வளவு பொருள் உடையது என்பதையும் கட்டுரை தொடவில்லை. கார் கேட்டுப் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுக்கும் மேலாகக் காத்திருந்த நாடு அது. பால்டிக் கடற்கரையில் கூடாரம் போடுவதற்கே முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டியிருந்தது. வெளிநாடு என்றால் ஹங்கேரியின் பாலட்டன் ஏரிபோன்ற சில இடங்களுக்குத்தான் போக முடிந்தது. 1989 கோடையில் அப்படி முகாமிட்டுத் தங்க ஹங்கேரிக்குப் போனவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 19 அன்று ஷோப்ரோன் அருகே எல்லை வாயில் சற்று நேரம் திறக்கப்பட்டபோது 600க்கும் மேற்பட்டோர் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். காரையும் முகாம் சாமான்களையும் பலர் அங்கேயே விட்டுச் சென்றார்கள். செப்டம்பர் 11 அன்று ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டபோது மேற்கே சென்ற வாகன வரிசையில் ட்ராபன்டுகளே நிறைந்திருந்தன.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் நீளத்தையும் படுக்கை எண்ணிக்கையையும் தருவதோடு, காலி எடையையும் அதை இழுத்த காரின் திறனையும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு எண்களும் இல்லாத கேரவன் செய்தி, மைலேஜ் சொல்லாத மோட்டார் சைக்கிள் விளம்பரத்தைப் போன்றது. மூன்றாம் பக்கப் படக்குறிப்பை ‘போலந்தின் பியட் 126பி காரும், அதற்கென்றே செய்யப்பட்ட என்126 வண்டியும்’ என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் விரிவுரையாளர்,
திண்டுக்கல்.