உளுந்தளவு வயிற்றுக்கு

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. காசிமேட்டில் நல்ல வஞ்சிரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அம்மா வைக்கும் குழம்புதான் ஞாபகம் வரும். அவரிடம் நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவள் நர்சிங் இரண்டாம் வருடம். மெட்ரோ வந்த பிறகு அவளுக்குப் போக்குவரத்து பெரிய கஷ்டமில்லை. எனக்கு அதே துறைமுகம், அதே ஷிப்ட்.

கடிதத்தில் பாதிக்கு மேல் உன் பையன் வளர்க்கும் டரான்டுலா குஞ்சுகளை, அந்தப் பெரிய ரோமச் சிலந்திக் குஞ்சுகளைப் பற்றித்தான் எழுதியிருந்தாய். கர்லி ஹேர் என்ற வகை மூன்று, ஒவ்வொன்றுக்கும் உளுந்தளவு வயிறு. தீனிக்கு உயிருள்ள கிரிக்கெட் பூச்சி, அதுதான் சுவர்க்கோழி, வாங்க ஓசூரிலிருந்து பெங்களூரு வரை போக வேண்டியிருக்கிறது, ராத்திரி முழுக்க அது கத்துவதில் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, செத்த தீனி கொடுத்தால் ஆகுமா, கடைக்காரர் கூடவே கூடாது என்கிறாரே என்று கேட்டிருந்தாய்.

கொடுக்கலாம் மச்சான். தயங்காமல் கொடு. இந்த வயதில் அதுதான் நல்லது என்று கூடச் சொல்வேன்.

முதலில் ஒன்று. கத்துவது வளர்ந்த ஆண் கிரிக்கெட் மட்டும்தான், இறக்கையைத் தேய்த்து அந்தச் சத்தத்தை எழுப்பும். உன் வீட்டில் சத்தம் கேட்கிறது என்றால் உங்களுக்கு முழு வளர்ச்சி அடைந்த பூச்சியை விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். உளுந்தளவு குஞ்சுக்கு முன்னால் அது யானை. குஞ்சு பயந்து மூலைக்கு ஓடும், நாமோ அதற்குப் பசியில்லை என்று நினைத்துக்கொள்வோம். உயிருள்ள இரை போடுவதானால் அது குஞ்சின் வயிற்றைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அத்தனை பொடிப் பூச்சி எப்போதும் கிடைக்காது. செத்த தீனியில் அந்தத் தொல்லையே இல்லை, வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம்.

கடைக்காரர் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். வேட்டையாடும் பிராணி, அசையாததைத் தொடாது என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் குஞ்சு செத்த பூச்சியையும் தேடித் தின்னும், என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குக் கண் பார்வை மிகக் குறைவு. அதிர்வை ரோமங்களால் உணரும், கால் நுனியால் தொட்டே ருசி அறியும். வெட்டிய புழுவின் ஈரம் கால் நுனியில் பட்டாலே போதும், நின்று திரும்பி மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். அது சாப்பிடும் விதமும் தனி. மென்று விழுங்காது. செரிமான நீரை இரை மேல் கக்கி, பல்லின் அடிப்பகுதியால் பிசைந்து, கரைந்த சாற்றை மட்டும் உறிஞ்சும். கடைசியில் கரும்புச் சக்கை போல ஒரு சிறு உருண்டையைத் துப்பிவிடும். அந்த வாய்க்கு இரை உயிரோடு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. முதன்முதலில் வாங்கிய ஆறு குஞ்சுகளில் ஒன்றை நான் என் அவசரத்தால் இழந்தேன். இரண்டு நாளாக அது சாப்பிடவில்லை. பசிக்கும் என்று நினைத்து ஒரு கிரிக்கெட்டை டப்பாவில் விட்டுவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டேன். காலையில் வந்து பார்த்தால் கிரிக்கெட் உட்கார்ந்திருக்கிறது, குஞ்சு பாதிதான் இருக்கிறது. அது தோல் உரிக்கத்தான் சாப்பாட்டை நிறுத்தியிருந்திருக்கிறது. தோல் உரிக்கும்போது சிலந்தியால் ஓடவும் முடியாது, கடிக்கவும் முடியாது, உடம்பெல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும். பசித்த கிரிக்கெட் அதைக் கடித்துத் தின்றுவிட்டது. அந்தக் காட்சி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை. செத்த புழுத் துண்டு யாரையும் கடிக்காது. உன் பையனுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்.

ஆனாலும் நான் திருந்தியது 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதுதான். எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்த கிரிக்கெட் பெட்டி மூழ்கிப்போனது. சாக்கடை கலந்த தண்ணீர், அதில் செத்த பூச்சியை எடுத்துக் கொடுக்க மனம் வரவில்லை. கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளுக்குப் போக வழியே இல்லை, அங்கேயும் வெள்ளம். மாடியில் மிஞ்சியது, மீனுக்காக ஓட்ஸ் டப்பாவில் போட்டு வைத்திருந்த கொஞ்சம் மீல்வார்ம் புழு. ஒன்றை எடுத்துத் தலையை நசுக்கி, பிளேடால் அரிசி அளவுக்கு நறுக்கி, ஐந்து டப்பாவிலும் ஒவ்வொரு துண்டு வைத்தேன். ராத்திரி பத்து மணிக்கு செல்போன் டார்ச்சை ஒரு துணியால் மூடி, மங்கல் வெளிச்சத்தில் பார்த்தேன். இருப்பதிலேயே சின்னது, உயிருள்ள பூச்சியைக் கண்டாலே ஒளிந்துகொள்வது, அது துண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெளியே தெருவில் படகு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எப்படிக் கொடுப்பது என்று கேட்டாய் அல்லவா. மீல்வார்ம் தான் சுலபம். ஓசூரில் பறவைத் தீனி விற்கும் கடையிலேயே கேட்டுப்பார். தோல் உரித்த கையோடு வெள்ளையாக மெத்தென்று இருக்கும் புழு கிடைத்தால் அதையே எடு, ஓடு இளசாக இருக்கும். தலையை நசுக்காமல் முழுசாகப் போட்டுவிடாதே. தேங்காய் நார்த்தூளுக்குள் புகுந்துகொள்ளும், பிறகு வண்டாக வெளியே வரும், தோல் உரிக்கிற குஞ்சை அதுவும் கடிக்கும். கிரிக்கெட்டை விட மனமில்லை என்றால் ஒரே தடவை மொத்தமாக வாங்கி ஃப்ரீசரில் வைத்துவிடு. வேண்டியபோது ஒன்றை எடுத்து, குளிர் சுத்தமாக விட்டுப்போகும் வரை வெளியே வைத்து, பின்னங்கால் தொடையை மட்டும் வெட்டிக் கொடு. சின்னக் குஞ்சுக்கு அந்த ஒரு தொடையே விருந்து. பயணமும் மிச்சம், சத்தமும் இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி, தனி டப்பாவில் பெயர் எழுதி வை.

துண்டைப் பொந்து வாசலிலோ அது நூல் விரித்த இடத்திலோ வை. கண்ட இடத்தில் போட்டால் அதற்குத் தெரியாமலே போகும். சாயங்காலம் வைத்தால் காலையில் எடுத்துவிட வேண்டும், தின்றாலும் தின்னாவிட்டாலும். இதில் மட்டும் சோம்பல் கூடாது மச்சான். நம் ஊர் வெக்கைக்கு ஒரே நாளில் பூஞ்சணம் பிடிக்கும், பின்னாலேயே சிற்றுண்ணியும் பொடி ஈயும் வந்துவிடும். சின்ன டப்பாவுக்குள் குஞ்சு எங்கே தப்பிக்கும்? நான் டப்பா மூடியில் தேதியை எழுதி ஒட்டிவிடுவேன். வாரத்துக்கு இரண்டு தடவை கொடுத்தால் தாராளம்.

இறால் கொடுக்கலாமா என்று உன் பையன் கேட்டதாக எழுதியிருந்தாய். காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற எனக்கும் அந்த ஆசை வந்தது. உப்பு படாத பச்சை இறாலில் கடுகளவு கிள்ளி வைத்தேன். இரண்டு தின்றன, மூன்று தொடவில்லை. ஆனால் விடிவதற்குள் நாற்றம் வந்துவிட்டது, பொடி ஈ மொய்த்தது, டப்பா மண்ணையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. கோழிக்கறிக்கும் இதே கதிதான். வேறு வழியே இல்லாத நாளில் ஒரு வேளை கொடுக்கலாம், வழக்கமாக்கக் கூடாது. பூச்சி தின்னும் உயிருக்குப் பூச்சியே சரியான சாப்பாடு. பாக்கெட்டில் காய்ந்த புழு விற்கிறார்களே, அதில் ஈரமே கிடையாது. குஞ்சுக்கு நிறையத் தண்ணீர் இரையிலிருந்துதான் கிடைக்கிறது. வேறு எதுவும் இல்லை என்றால் வெந்நீரில் ஊறவைத்துக் கொடு. அப்புறம், வீட்டுக் கரப்பானையும் மொட்டை மாடியில் பிடித்த பூச்சியையும் எந்தக் காரணத்துக்கும் போடாதே. எங்கள் பக்கம் கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டே இருக்கிறார்கள், வீட்டுக்கு வீடு ஸ்பிரே. அந்த விஷம் பூச்சி வழியாகக் குஞ்சுக்குப் போகும்.

திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினால் பதறாதீர்கள். வயிறு உப்பிக் கறுத்துப் பளபளக்கும், பொந்தின் வாசலை நூலால் அடைத்துக்கொள்ளும். தோல் உரிக்கப் போகிறது என்று தெரிந்துகொள். தீனி எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, தண்ணீர் மட்டும் டப்பாச் சுவரில் ஒரு சொட்டு. மல்லாந்து படுத்துத்தான் தோலை உரிக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பையன் தொட்டுவிடப் போகிறான், இப்போதே சொல்லி வை. உரித்த புதிதில் பல் வெள்ளையாக இருக்கும், பிறகு சிவக்கும், கடைசியில் கறுக்கும். கறுத்த பிறகுதான் சாப்பாடு. அவ்வளவு பொடிப் பல்லை உன் கண்ணாடி போட்டாலும் பார்க்க முடியாது, அதனால் ஒரு வாரம் பொறுத்துக் கொடு. நடுவில் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, தண்ணீர் இல்லாமல்தான் தாங்காது.

நீல நிற டரான்டுலா ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். வேண்டாம் என்று உரிமையோடு சொல்கிறேன். அது நம் பக்கத்து ஆந்திரத்தின் உயிர். குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் அகப்பட்ட ஒற்றைப் பெண் சிலந்தியை வைத்துத்தான் 1899-ல் பொக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். நம் அப்பாக்கள் இரண்டு பேரும் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வாழ்நாளைக் கழித்தவர்கள், அதனாலோ என்னவோ ரயில்வே மரக்கிடங்கு என்று படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதன் பிறகு 100 வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 2001-ல் நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். காடு வெட்டப்படுவதால் இப்போது அழியும் விளிம்பில் இருக்கிறது. விற்பவர் எங்கிருந்து எடுத்தார் என்று உனக்கும் எனக்கும் எப்படித் தெரியும்? அது மரப்பொந்தில் இருக்கட்டும்.

உன் பையனின் மூன்றுக்கும் காகிதம் இருக்கிறதா? கர்லி ஹேர் மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது, வனவிலங்கு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வகை. 2022-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினார்கள், 2024-ல் விதிகளும் வந்துவிட்டன, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நான் செய்துவிட்டேன். உனக்குப் படிவத்தில் சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, கூட உட்கார்ந்து நிரப்பலாம்.

அடுத்த மாதம் அம்மாவை செக்கப்புக்கு இங்கே கூட்டி வருவதாக எழுதியிருக்கிறாய். வீட்டில்தான் தங்க வேண்டும், வேறு பேச்சே கிடையாது. வரும்போது பையனையும் அழைத்து வா. வெள்ளத்தில் துண்டைக் கட்டிப்பிடித்த அந்தச் சின்னது இப்போது என் உள்ளங்கை அளவு ஆகிவிட்டது. பெண் என்று உரித்த தோலை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். பெரியவள் அதற்கு ராணி என்று பெயர் வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்