பெத்தகானவில் கைகொடுத்த ஐயாவுக்கு நன்றி
ஞாயிறு காலை கோட்டே பெத்தகான ஈரநிலப் பூங்காவின் பலகை நடைபாதையில், வெக்கை தாங்காமல் தலைசுற்றி அமர்ந்துவிட்ட என் அம்மாவுக்குக் குடை பிடித்து, தம் பையிலிருந்த ஜீவனி எனும் உப்புச்சர்க்கரைத் தூளைக் கரைத்துப் பருகக் கொடுத்த பெரியவருக்கு எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. அம்மா தெளியும் வரை, நாணலுக்குள் சிவந்த அலகால் தண்டுகளைக் கிழித்துத் தின்ற நீலத் தாழைக்கோழியைக் காட்டி அவரது பயத்தைப் போக்கினீர்கள். மழைவெள்ளத்தை உள்வாங்கும் இத்தகைய சதுப்புகளுக்காகவே கொழும்பு 2018இல் ராம்சர் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது என்பதையும் உங்களிடமே அறிந்தோம் (இந்நகரில் பிறந்த எனக்கே அது புதிது). பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டீர்கள், ஐயா. உங்கள் குடையை நுழைவுச்சீட்டுக் கருமபீடத்தில் ஒப்படைத்துள்ளோம், தயவுசெய்து பெற்றுக்கொள்ளுங்கள்.